வீட்டில் செய்த தீமூட்டி எரிகிறது, விறகு மட்டும் பற்ற மாட்டேன் என்கிறது

புதுஅடுப்பு:
வீட்டைச் சூடாக்க இரும்பு விறகு ஸ்டவ் வைத்திருக்கிறோம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்டது. கடையில் விற்கும் தீமூட்டிக் கட்டிகளில் அடிக்கிற மண்ணெண்ணெய் வாடை பிடிக்காமல் நானே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். காகித முட்டை அட்டை இருக்கிறதே, அதன் குழிகளில் மரத்தூளை நிரப்பி, மேலே உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவிட்டேன். கட்டி என்னவோ அருமையாகத்தான் எரிகிறது, பத்து நிமிஷம் நின்று எரிகிறது. ஆனால் மேலே அடுக்கிய விறகு ஓரமெல்லாம் கருத்து, கொஞ்ச நேரம் புகைந்து, கட்டி தீர்ந்ததும் கூடவே படுத்துவிடுகிறது. ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான். சில நாள் காலையில் கதவைத் திறந்தாலே புகை அறைக்குள் வருகிறது. மெழுகு போதவில்லையா, மரத்தூள் சரியில்லையா, வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா? நல்ல செய்முறை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

சாம்பல்வாளி:
கட்டியைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையை முடித்துவிட்டது. பத்து நிமிஷம் எரிகிற ஒன்றை அடியில் வைத்தும் பற்றவில்லை என்றால் பார்க்க வேண்டியது விறகைத்தான். எப்போது வெட்டியது? பிளந்து அடுக்கி எத்தனை மாதம் ஆகிறது? எரியும்போது கட்டையின் வெட்டுமுகத்தில் நுரை தட்டுகிறதா?

புதுஅடுப்பு:
காய்ந்த விறகு என்று சொல்லித்தான் விற்றார்கள். நுரை வருகிறது, ஆமாம். குமிழ் குமிழாக வந்து, பழுப்பாக ஒரு நீர் வழிகிறது. உஸ்ஸென்று சத்தமும் கேட்கிறது.

சாம்பல்வாளி:
விற்கிறவர் வேறு எப்படிச் சொல்வார். கட்டைக்குள் இருக்கிற தண்ணீர் கொதித்து வெளியே வருகிற சத்தம்தான் அது. வெட்டின புதிதில் மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீராகவே இருக்கும். ஸ்டவ்வில் போடுவதற்கு அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் மூன்று கட்டி வைத்தேன் என்றதால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ எடையுள்ள கட்டையில் 350 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து சூடேற்றி முழுக்க ஆவியாக்க 2.6 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும், அப்படியானால் 350 கிராமுக்கு 0.9. உங்கள் கட்டியில் 30 கிராம் மெழுகு இருந்தால், ஒரு துளி வீணாகாமல் எரிந்தாலும் அது தருவது 1.3 மெகாஜூல்தான், மரத்தூள் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். அதிலும் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். ஒரே ஒரு கட்டையை உலர்த்தவே அது காணாது, நீங்கள் நாலு கட்டை அடுக்கியிருப்பீர்கள். மரம் 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால்தான் எரியக்கூடிய வாயுவைத் தாராளமாக விடும், ஈரம் இருக்கிற இடமோ அந்த ஈரம் போகிற வரை 100 டிகிரியிலேயே நிற்கும். மூன்று கட்டி என்ன, முப்பது வைத்தாலும் அந்தக் கட்டிகள்தான் எரியும்.

ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள், இரண்டு முள் வைத்த சின்னக் கருவி. கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்துவிட்டு நல்ல விறகு என்று நினைத்துவிடக் கூடாது, வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரிகிற உள்முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும்.

சும்மா_ஒரு_கேள்வி:
எனக்கு இந்த விவாதமே புரியவில்லை. காய்ந்த விறகும் சன்னமாகப் பிளந்த சிராயும் நாலு தாள் செய்தித்தாளும் இருந்தால் எந்த ஸ்டவ்வும் பற்றும். ஈர விறகு என்றால் எதுவும் உதவாது. அப்புறம் இந்த மெழுகு உருக்குவது, முட்டை அட்டை சேர்ப்பது எல்லாம் எதற்கு? பொழுதுபோக்கு என்றால் சரி.

சீவல்தூள்:
பாதி உண்மை. காகிதம் ஒரு நிமிஷம் கொழுந்துவிட்டு எரியும், அவ்வளவுதான் அதன் ஆயுள். அந்த ஒரு நிமிஷத்தில் சிராய் பற்றிவிட்டால் சரி, பற்றாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. எரிந்து முடிந்த காகிதம் தகடு தகடாகக் கரியாகி நின்று காற்று வருகிற வழியையும் அடைக்கும். மெழுகும் தூளும் சேர்ந்த கட்டி ஒரே இடத்தில் நிதானமாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் எரியும், அதனால் சிராய் பாதி போதும், பக்கத்திலேயே குந்தி ஊதிக்கொண்டிருக்க வேண்டாம். ஈர விறகை அது காப்பாற்றாது, அதில் வாளி அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

புதுஅடுப்பு, உங்கள் கட்டியிலும் ஒரு குறை இருக்கிறது. தூளை நிரப்பிவிட்டு மேலே மெழுகை ஊற்றினால் மெழுகு மேலாக ஓடு கட்டி நின்றுவிடும், அடியில் தூள் உலர்ந்தபடியே கிடக்கும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், தெரியும். மெழுகு உருகிய பாத்திரத்திலேயே தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளற வேண்டும். எவ்வளவு தூள் என்றால், கரண்டியால் அழுத்தினால் திரண்டு நிற்கணும், ஆனால் ஓரத்தில் மெழுகு கசிந்து வழியக் கூடாது. வழிந்தால் இன்னும் ஒரு பிடி தூள். இங்கே தூளுக்கு என்ன வேலை என்றால் திரியின் வேலை. மெழுகு தானாக எரியாது, உருகித் திரியில் ஏறி ஆவியானால்தான் எரியும். மெழுகு அதிகமானால் எரிவதற்கு முன்னாலேயே உருகிக் கம்பித்தட்டு வழியாகச் சாம்பல் தட்டில் சொட்டி, அங்கே போய் எரிந்துகொண்டிருக்கும்.

கலந்ததைக் குழிகளில் போட்டு விரலில் படாமல் கரண்டியால் நன்றாக அழுத்துங்கள். விளிம்பு அட்டையில் மெழுகு படாமல் ஒரு நுனியை விட்டுவையுங்கள், தீக்குச்சி வைக்க அதுதான் இடம். முழுக்க இறுகுவதற்கு முன் வெட்டிவிட்டால் துண்டு துண்டாக அழகாக வரும், இறுகிய பிறகு வெட்டினால் உதிரும். முட்டை அட்டை காகிதக் கூழில் செய்ததாக இருக்க வேண்டும், தெர்மகோல் மாதிரி வெள்ளையாக வருகிறதே அது கூடவே கூடாது.

தூளிலும் வித்தியாசம் உண்டு. உப்புக்காகிதம் தேய்த்த மாவு மாதிரித் தூள் மெழுகோடு சேர்ந்து கெட்டியாக அடைத்துக்கொள்ளும், உள்ளே காற்றே போகாது. ரம்பத்தூளும் இழைப்புளிச் சீவலும் கலந்துபோட்டால் நடுவில் இடைவெளி இருக்கும், அதுதான் நன்றாக எரியும். ப்ளைவுட், எம்.டி.எஃப். (மர இழையைப் பசையில் அழுத்திச் செய்த பலகை) அறுத்த தூள் வேண்டாம், அவற்றில் பசை கலந்திருக்கும். பெயின்ட் அடித்தது, கரையானுக்கு மருந்து ஏற்றியது, அதெல்லாம் பக்கத்திலேயே வரக் கூடாது. மருந்து ஏற்றிய பழைய பலகைகளில் ஆர்சனிக் இருக்கலாம், எரித்தால் சாம்பலில் தங்கும்.

பஞ்சுமூட்டை:
மெழுகு உருக்க நேரமில்லாதவர்களுக்கு என் வழி: பஞ்சு உருண்டையும் பெட்ரோலியம் ஜெல்லியும். உருண்டையை எடுத்து ஜெல்லியை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும், ஆனால் நடுவில் கொஞ்சம் பஞ்சு உலர்ந்தபடியே இருக்கட்டும். பற்றவைக்கும்போது உருண்டையைப் பிய்த்துப் பிரித்து அந்த உலர்ந்த பஞ்சை வெளியே எடுத்தால் சின்னப் பொறியே போதும். நாலைந்து நிமிஷம் எரியும். மூடி போட்ட சின்ன டப்பாவில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கெடாமல் இருக்கும், கை பிசுபிசுக்கும் என்பது ஒன்றுதான் தொல்லை.

துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சையும் அட்டைக் குழாயில் திணித்துப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் என்ன துணியின் பஞ்சு என்று பார்க்கணும். ஒரு சிட்டிகை எடுத்து வெளியே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் கலந்தது சுருங்கி உருகிக் கறுப்பாக ஒரு மணி போல இறுகும், நாறும். அதை எறிந்துவிடலாம்.

சும்மா_ஒரு_கேள்வி:
பஞ்சு உருண்டை மலையேறுகிறவனுக்கு சரி. தினமும் மூட்டுகிற ஸ்டவ்வுக்கு ஜெல்லி தேய்த்துக்கொண்டிருக்க முடியுமா?

பஞ்சுமூட்டை:
நான் தினமும் மூட்டுவதில்லை, அதனால் முடிகிறது :)

அவசரக்காரன்:
இத்தனை பேசுவதற்குப் பதில் ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றினால் ஈர விறகும் எரியும். நான் எப்போதும் அப்படித்தான்.

சாம்பல்வாளி:
தம்பி, இதைப் படித்துவிட்டு வேறு யாராவது செய்துவிடப் போகிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். குளிர்ந்த ஸ்டவ்வில் ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதுதான் இதில் இருக்கிற ஆபத்தே, பழகிவிடும். மண்ணெண்ணெய் 38 டிகிரிக்கு மேல் போனாலே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடத் தொடங்கும். முந்தின இரவுச் சாம்பலுக்குள் ஒரு கங்கு உயிரோடு இருந்தால் போதும், அந்த இரும்புப் பெட்டிக்குள் ஆவி நிறைந்து நிற்கும், நீங்கள் கதவைத் திறந்து தீக்குச்சியோடு முகத்தை நீட்டுவீர்கள். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது உறைபனிக்கு 40 டிகிரி கீழேயே ஆவி விடுகிற சரக்கு.

அப்புறம் ஈர விறகு எரியும் என்றீர்கள். எரிவது எண்ணெய். அது தீர்ந்ததும் அதே புகைதான்.

கணப்போரம்:
அதோடு சேர்த்து இன்னொன்று. ஸ்பிரிட்டில் தக்கைகளை ஊறப்போட்டு ஜாடியில் வைத்துக்கொள்வது ஒரு யோசனையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, படத்தில் பார்க்க அழகாகவும் இருக்கும். ஸ்பிரிட்டின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஜாடியை அருகில் கொண்டுபோனால் அவ்வளவுதான். மெழுகு மாதிரி சாதாரண வெப்பத்தில் கெட்டியாகக் கிடக்கிற பொருள்தான் வீட்டுக்கு லாயக்கு.

புதுஅடுப்பு:
மெழுகை நான் நேராக அடுப்பில் வைத்துத்தான் உருக்குகிறேன். அது பரவாயில்லையா?

சீவல்தூள்:
வேண்டாம். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் பழைய டின் ஒன்றில் மெழுகைப் போட்டு உருக்குங்கள். மெழுகு 50, 60 டிகிரியிலேயே உருகிவிடும், தேன்மெழுகு 62க்கு மேல். தண்ணீர் 100ஐத் தாண்டாது என்பதால் அதற்குள் இருக்கிற மெழுகும் தாண்டாது. நேரடித் தீயில் வைத்தால் எப்போது 200ஐத் தொடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, அந்தச் சூட்டில் மெழுகின் ஆவி தானே பற்றத் தயாராக இருக்கும். வெள்ளையாகப் புகைய ஆரம்பித்தால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். ஒருவேளை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தண்ணீர் அடியில் போய்ச் சட்டென்று ஆவியாகி எரிகிற மெழுகை அறையெங்கும் தெறிக்கவிடும். மூடியைப் போட்டு அடுப்பை அணையுங்கள், ஆறுகிற வரை மூடியைத் திறக்க வேண்டாம். மிச்ச மெழுகைத் தொட்டிக் குழாயில் கொட்டிவிட்டு அடைத்துக்கொண்டது என்று இங்கே வந்து கேட்கவும் வேண்டாம்.

எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கினால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. அடியில் திரியைப் பிடிக்கிற சின்ன உலோகத் தட்டு இருக்கும், உருகியதும் இடுக்கியால் பொறுக்கிவிடுங்கள். திரித் துண்டுகள் கிடக்கட்டும், அவையும் எரியும்.

கணப்போரம்:
விறகு, கட்டி இரண்டும் பேசியாயிற்று. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை: சில நாள் காலையில் கதவைத் திறந்ததுமே புகை உள்ளே வருகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அது விறகின் குற்றம் மட்டுமல்ல, புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, குழாய்க்குள் அடைப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும், சில நேரம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டேகூட இருக்கும். அந்த நிலையில் அடியில் தீ வைத்தால் புகைக்கு அறையைத் தவிர வேறு வழி இல்லை. வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி ஏறுகிற புகைபோக்கி என்றால் இது அடிக்கடி நடக்கும்.

மூட்டுவதற்கு முன் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையை ஸ்டவ் வாய்க்குள் காட்டுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டு மேலே போனால் நல்லது. உங்கள் முகத்துக்குத் திரும்பினால் முதலில் குழாயைச் சூடாக்க வேண்டும். ஒரு தாள் செய்தித்தாளைத் தளர்வாக முறுக்கிக் கொளுத்தி, உள்ளே கூரைபோல ஒரு தகடு இருக்கும் பாருங்கள், அதன் ஓரத்தில் புகை ஏறுகிற சந்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். குபுகுபுவென்று ஒரு சத்தத்தோடு இழுக்க ஆரம்பிக்கும். சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடினால் நிறுத்துங்கள், அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளுவதால் அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று உங்கள் புகைபோக்கி வழியாகத்தான் உள்ளே வரும். சன்னல் ஒன்றைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் போதும்.

அடுத்தது அடுக்குவது. நீங்கள் கட்டியை அடியில் வைத்து மேலே விறகை அடுக்குகிறீர்கள். தலைகீழாகச் செய்து பாருங்கள். பெரிய கட்டை இரண்டை அடியில் விரல் இடைவெளி விட்டுப் படுக்க வையுங்கள். அதன் மேல் குறுக்காக மணிக்கட்டு மொத்தத்தில் நாலைந்து, அதன் மேல் கட்டைவிரல் மொத்தம், உச்சியில் பென்சில் கனத்தில் பிளந்த சிராய். கட்டியை உச்சிச் சிராய்களுக்கு நடுவே வைத்து, அதன் மேலும் இரண்டு சிராய் சாய்த்துவிட்டுப் பற்றவையுங்கள். காற்று வழிகள் எல்லாம் முழுக்கத் திறந்திருக்கட்டும், கதவும் முதல் சில நிமிஷம் விரல் அளவு திறந்திருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

சும்மா_ஒரு_கேள்வி:
தீ மேல்நோக்கித்தானே போகும்? உச்சியில் வைத்தால் அடியில் இருக்கிற கட்டை எப்படிப் பற்றும்? பார்ப்பதற்கு வித்தை மாதிரி இருக்கிறது.

கணப்போரம்:
சுடர் மேலே போகும், வெப்பம் நாலு பக்கமும் வீசும். மேலே சிராய் எரிந்து கங்காகிக் கீழே விழுந்துகொண்டே இருக்கும், அடுத்த வரிசை அந்தச் சூட்டில் பற்றும், அது விழுந்து அதற்கு அடுத்தது. சுடர் உச்சியில் இருப்பதால் முதல் நிமிஷத்திலிருந்தே குழாய் சூடாகி இழுவை பிடிக்கும். கீழிருக்கிற கட்டை சூடேறி விடுகிற வாயுவும் சுடர் வழியாகத்தான் மேலே போக வேண்டும், அதனால் எரிந்துவிடுகிறது. அடியில் மூட்டினால் அந்த வாயு மேலே இருக்கிற குளிர்ந்த கட்டையில் பட்டு எரியாமல் புகையாகப் போகும். கூரை மேல் நின்று பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சாம்பல்வாளி:
நானும் இப்போது மேலிருந்துதான் மூட்டுகிறேன். ஆனால் இதிலும் நிபந்தனை உண்டு, விறகு காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கட்டையில் உச்சியில் சிராய் எரிந்து கங்கு விழுந்து அங்கேயே அணைந்துபோகும், கீழே ஒன்றுமே நடக்காது. அடியில் மூட்டுவது கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், மேலிருந்து மூட்டுவது பொறுக்காது. ஸ்டவ் சின்னதாக, உள்ளே உயரம் குறைவாக இருந்தாலும் உச்சியில் சிராய் அடுக்க இடம் இருக்காது. அந்த மாதிரி ஸ்டவ்வில் இரண்டு கட்டைக்கு நடுவே கட்டியை வைத்து மேலே சிராயைக் குறுக்காகப் போடுவதுதான் சரி.

ஒற்றைக் கட்டையை வைத்து எரிய வைக்கப் பார்ப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அது தன் சூட்டை நாலு பக்கமும் வீசி ஆறிப்போகும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும். குறைந்தது இரண்டு, மூன்று இருந்தால் நல்லது. பழைய சாம்பலையும் அடியோடு வழித்துவிட வேண்டாம், விறகு ஸ்டவ்வில் இரண்டு செ.மீ. கனத்துக்குச் சாம்பல் இருந்தால் கங்கு அதில் புதைந்து சூட்டைக் காக்கும்.

இரவுக்கங்கு:
என்னுடையது வினையூக்கி வைத்த ஸ்டவ், அதாவது புகையையும் எரித்துவிடுகிற ஒரு பாகம் உள்ளே இருக்கிறது. மெழுகுக் கட்டி வைத்தால் அது கெட்டுவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?

சாம்பல்வாளி:
மூட்டும்போது புகை வினையூக்கியைச் சுற்றிப் போகும்படி மாற்றுவழித் தகடு திறந்துதானே இருக்கும்? சுமார் 260 டிகிரி எட்டுகிற வரை அதை மூடக் கூடாது, அதற்குள் உங்கள் கட்டி எரிந்து தீர்ந்துவிடும். வண்ணக் காகிதம், பளபளப்பான பத்திரிகைத் தாள், பெயின்ட் அடித்த மரம் ஆகியவைதான் வினையூக்கிக்கு எதிரி, ஈயம் மாதிரி உலோகங்கள் அதன் மேற்பரப்பில் படிந்தால் அது வேலை செய்யாது. கட்டையே மெழுகில் செய்தது மாதிரி விற்கிற பெரிய துண்டுகளைப் போடலாமா என்பது வேறு கேள்வி, பல ஸ்டவ் கையேடுகள் கூடாது என்றே சொல்கின்றன. உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

பஞ்சுமூட்டை:
பைன் காய்களை யாரும் சொல்லவில்லையே! மெழுகில் முக்கி வைத்தால் பார்க்கவும் அழகு. ஈரமான நாளில் பொறுக்கினால் செதில் எல்லாம் மூடிக்கொண்டு இருக்கும், சூடான இடத்தில் சில நாள் வைத்தால் தானாக விரியும், விரிந்த பிறகுதான் முக்க வேண்டும். மூடிய காய்க்குள் மெழுகும் போகாது, தீயும் போகாது. உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் நன்றாகப் பற்றும், அதில் இருக்கிற எண்ணெய்தான் காரணம், ஆனால் கட்டி அளவுக்கு நின்று எரியாது.

சீவல்தூள்:
பைன் மரத்தின் அடிக்கட்டையில் பிசின் ஊறிச் சிவந்த பகுதி கிடைத்தால் மெழுகே வேண்டாம். சீவினால் கற்பூரத் தைல வாடை அடிக்கும், கையில் ஒட்டும், மழையில் நனைந்திருந்தாலும் பற்றும். விரல் கனத்தில் ஒரு துண்டு போதும். கரி நிறைய விடும் என்பதால் மூட்டுவதற்கு மட்டும், விறகாகப் போட வேண்டாம். பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டையும் அந்த ரகம், உள்ளே எண்ணெய் இருப்பதால் ஈரத்திலும் எரியும். ஆனால் விழுந்த மரத்திலிருந்து எடுங்கள், நிற்கிற மரத்தை உரித்தால் பட்டுப்போகலாம்.

புதுஅடுப்பு:
ஈரமானி வந்தது. பிளந்து நடுவில் குத்தினால் 31 காட்டுகிறது, இரண்டு கட்டையில் 34. வெளிப்பக்கம் 18தான், அதைப் பார்த்திருந்தால் விறகு நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருப்பேன். வேறிடத்தில் கொஞ்சம் காய்ந்த விறகு வாங்கி, கணப்போரம் சொன்ன மாதிரி உச்சியில் வைத்து மூட்டினேன், ஒரே கட்டி, சட்டென்று பிடித்துக்கொண்டது. விசிறி விஷயமும் உண்மைதான், அதை நிறுத்தியதும் தீக்குச்சிப் புகை ஸ்டவ்வுக்குள் திரும்புகிறது.

இப்போது இரண்டு கேள்வி. மிச்சம் இருக்கிற ஈர விறகை என்ன செய்வது, ஸ்டவ்வை ஒட்டி அடுக்கிக் காய வைக்கலாமா? இத்தனை நாள் புகைய விட்டதில் கண்ணாடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது, அதற்கு ஏதாவது இருக்கிறதா?

சாம்பல்வாளி:
ஸ்டவ்வை ஒட்டி அடுக்கவே வேண்டாம், காய்கிற விறகு எரிகிற விறகாகிவிடும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். இந்தக் குளிர்காலத்துக்கு அது உதவாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இப்போதே சன்னமாகப் பிளந்து, தரையில் படாமல் கட்டை கொடுத்து, மேலே மட்டும் மூடி, பக்கம் எல்லாம் காற்று போகும்படி வெளியில் அடுக்குங்கள். சுற்றிலும் தார்ப்பாய் போட்டுக் கட்டினால் ஈரம் உள்ளேயே சுற்றும். மென்மரம் என்றால் ஒரு கோடை முழுக்க வெயில் பட்டால் தயாராகிவிடும், ஓக் மாதிரி வைரம் பாய்ந்த மரத்துக்கு இரண்டு வருஷம்கூட ஆகும்.

கண்ணாடியை விடுங்கள், அது துடைத்தால் போகும். அதே கறுப்பு புகைபோக்கிக்குள்ளும் படிந்திருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். புகை 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் அதில் இருக்கிற தார் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஈர விறகில் புகைய விட்டிருக்கிறீர்கள் என்பதால் இப்போதே ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள், ஆண்டுக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். காய்ந்த விறகு கிடைத்த சந்தோஷத்தில் ஒரு நாள் திகுதிகுவென்று எரிய விடுவீர்கள், அன்றைக்குத்தான் அந்தத் தார் பற்றும். குழாய்க்குள் பற்றினால் 1,000 டிகிரி வரை போகும், ரயில் போகிற மாதிரிச் சத்தம் கேட்கும். காற்று வழியை எல்லாம் அடைத்துவிட்டு வெளியே வந்து தீயணைப்புக்குப் போன் செய்ய வேண்டியதுதான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் அதையும் மாட்டுங்கள்.

கணப்போரம்:
கண்ணாடிக்கு: ஸ்டவ் முழுக்க ஆறிய பிறகு ஒரு தாளை நனைத்துப் பிழிந்து, வெள்ளைச் சாம்பலில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். மணல் மாதிரி கரகரப்பு இல்லாத மெல்லிய சாம்பலாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். கறுப்பு அப்படியே கரைந்து வரும்.

புதுஅடுப்பு:
நன்றி, குழாய்க்கு ஆள் சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று: நண்பரின் தச்சுப்பட்டறையில் மூட்டை மூட்டையாகச் சீவலும் தூளும் சும்மா தருகிறேன் என்கிறார். மேசை, நாற்காலி செய்கிற இடம். வாங்கி வைத்துக்கொள்ளலாம்தானே?

சீவல்தூள்:
என்ன பூச்சு பூசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுகிற இடம் என்றால், எண்ணெய் துடைத்த துணியும் எண்ணெய் பட்ட தூளும் அந்த மூட்டைக்குள் இருக்கலாம். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு விடும், குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும், பட்டறைகள் அப்படி எரிந்திருக்கின்றன. வெறும் மரம் அறுத்த, இழைத்த தூளாக மட்டும் கேட்டு வாங்குங்கள், ஒரு மூட்டை போதும், ஒரு குளிர்காலத்துக்கு அதற்கு மேல் செலவாகாது. உலர்ந்த தூளை அப்படியே அள்ளி எரிகிற ஸ்டவ்வுக்குள் வீசவும் கூடாது, காற்றில் பறக்கிற தூள் ஒரே நொடியில் குப்பென்று பற்றி வெளியே வரும். செய்து முடித்த கட்டிகளை மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு ஸ்டவ்விலிருந்து தள்ளி வையுங்கள், அருகில் வைத்தால் எல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிடும்.